கோயிலைக் காலி செய்தது கான்ட்டா?

ஜூலை 6, 2024 (கேள்வி)

ஐரோப்பாவில் பழைய கிறிஸ்தவக் கோயில்கள் புத்தகக் கடையாகவும் ஓட்டலாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் 18ஆம் நூற்றாண்டுத் தத்துவக்காரர்கள்தான் காரணம். வால்டேர், கான்ட் வகையறா வெளியிலிருந்து கல்லெறிந்தார்கள். மதத்துக்குத் திருப்பிச் சொல்லப் பதில் இல்லை. கதை முடிந்தது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

ஜூலை 6, இரவு

'வெளியிலிருந்து' என்கிற ஒரு சொல் இருக்கிறதே.

பிரான்ஸுக்கு நீங்கள் சொல்வது ஓரளவு பொருந்தும். ஜெர்மனிக்குப் பொருந்தாது. அங்கே கல்லெறிந்தவர்களில் பலர் பாதிரியார் வீட்டுப் பிள்ளைகள். நாடகக்காரர் லெஸ்ஸிங்கின் அப்பா காமென்ட்ஸ் ஊரில் லுத்தரன் போதகர். வேதாகமத்தில் எந்தப் புத்தகம் எப்படி உள்ளே வந்தது என்று துருவிய ஸெம்லரும் போதகர் மகன். கான்ட்டின் அப்பா குதிரைச் சேணம் தைப்பவர், ஆனால் அம்மா ஜெபத்தில் ஊறியவர். பையனைப் படிக்கவைத்ததும் பக்திமான்கள் நடத்திய பள்ளியில்தான்.

'அறிவொளி என்றால் என்ன?' (இவர்கள் கிளப்பிய சிந்தனைப் போக்குக்கு அதுதான் பெயர்) என்ற கேள்வி கான்ட்டால் புகழ்பெற்றது, சரி. அதைக் கேட்டவர் யார்? ட்ஸோல்னர் என்ற பெர்லின் போதகர், 1783 டிசம்பரில். கல்யாணத்துக்குப் போதகர் எதற்கு என்று ஒரு பெர்லின் மாத இதழில் ஒருவர் எழுதிவைக்க, இவருக்குக் கோபம் வந்துவிட்டது. அதே இதழில் மறுப்பு எழுதினார். அறிவொளி என்ற பெயரில் ஜனங்களைக் குழப்புகிறார்கள் என்று பொரிந்து தள்ளிவிட்டு, அது என்ன அறிவொளி, முதலில் அதைச் சொல்லுங்கள், எங்குமே பதிலைக் காணோமே என்று கேட்டார். அதுவும் அடிக்குறிப்பில். அடுத்த ஆண்டு செப்டம்பரில் மோசஸ் மெண்டல்சோன் என்ற யூதத் தத்துவக்காரர் பதில் எழுதினார், டிசம்பரில் கான்ட் எழுதினார். இன்று உலகம் முழுக்கப் பாடமாக இருக்கும் அந்தக் கட்டுரை, ஐயர் இல்லாமல் கல்யாணம் செய்யலாமா என்ற சண்டையில் முளைத்த வால்.

(எங்கள் பக்கம் லுத்தரன் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். சீகன்பால்க் ஐயர், ஷ்வார்ட்ஸ் ஐயர். சிரிக்க வேண்டாம்.)

ஜூலை 7

அந்தக் கட்டுரையை நேற்று ராத்திரி மறுபடி எடுத்துப் படித்தேன். பலரும் முதல் பத்தியோடு நிறுத்திவிடுகிறார்கள்: சொந்தப் புத்தியைப் பயன்படுத்தத் துணிந்திரு, அதோடு சரி. கடைசிப் பகுதியில் கான்ட் தெளிவாகவே சொல்கிறார், அறிவொளியின் முக்கியமான களமாகத் தான் எடுத்துக்கொண்டது மத விஷயத்தை என்று. அவர் தரும் உதாரணங்களில் அதிக நேரம் பேசப்படுபவரும் ஒரு போதகர். பிரசங்கபீடத்தில் ஏறினால் சபை சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்லவேண்டும், அது வேலை. அதே ஆள் படித்த மனிதனாக உலகத்துக்கு எழுதும்போது சபையின் போதனையில் எது தப்பு என்று தாராளமாகச் சொல்லலாம். ஒரு தலைமுறை கூடி உட்கார்ந்து, இந்த விசுவாசப் பிரமாணம் இனி என்றைக்கும் மாறாது என்று சத்தியம் செய்து அடுத்த தலைமுறையின் கையைக் கட்ட முடியாது என்றும் எழுதினார்.

என் தாத்தா பொறையாறு பக்கத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் உபதேசியார். கோயிலில் அச்சடித்த பிரசங்கப் புத்தகத்தை அப்படியே வாசிப்பார். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் மீன் விழுங்கிய யோனாவின் வேதக் கதையைப் பற்றி வேறு மாதிரி பேசுவார். கான்ட்டைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார். ஆனால் கான்ட் சொன்னதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

ஜூலை 7, கொஞ்ச நேரம் கழித்து

தப்பு. கான்ட் சொன்னதைத் தாத்தா செய்யவில்லை. கான்ட் கணக்கில் பிரசங்கபீடம் 'தனி'யிடம், அச்சு 'பொது'விடம். நாம் நினைப்பதற்கு நேர்மாறு. தாத்தா திண்ணையில் நாலு பேரிடம் முணுமுணுத்தது இந்த இரண்டிலுமே சேராது. அதை எழுதி அச்சுக்குக் கொடுத்திருந்தால் கான்ட் கைதட்டியிருப்பார், தாத்தாவுக்கு வேலை போயிருக்கும். கான்ட் சொன்னபடி பார்த்தால் வேலை போகக்கூடாது. அந்த இடம்தான் எனக்கு இன்னும் இடிக்கிறது. சபை சம்பளம் கொடுக்கிறது, அந்தச் சபையை விமர்சித்துப் புத்தகமும் போடலாம் என்றால் எந்த ஊரில் நடக்கும்?

ஜூலை 9

கணக்கு விஷயம்.

திடப்படுத்தல் வகுப்பில் (சபையில் முழு அங்கமாகச் சேர்க்குமுன் நடத்தும் வேதபாடம்) எனக்குப் பதின்மூன்று வயது. வேதாகமத்தில் யாத்திராகமம் பன்னிரண்டில், எகிப்தைவிட்டுக் கிளம்பிய இஸ்ரவேலர் 'பிள்ளைகள் தவிர ஆறு லட்சம் புருஷர்' என்று வரும். பெண்டு பிள்ளைகளைச் சேர்த்தால் இருபது முப்பது லட்சம். சிவந்த சமுத்திரத்தை ஒரே ராத்திரியில் எப்படிக் கடந்தார்கள் என்று கேட்டேன். குதர்க்கம் செய்யவில்லை, நிஜமாகவே சந்தேகம். மாயவரத்தில் தேர் இழுக்கிற அன்றைக்கு ஒரு தெருவைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்தவன். வகுப்பு எடுத்தவர் என்னை வெளியே வேப்பமரத்தடியில் நிற்கச் சொன்னார். வகுப்பு முடியும்வரை நின்றேன்.

முப்பது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, ஹாம்பர்கில் ஒருவர் இதே கணக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஹெர்மன் சாமுவேல் ரைமாருஸ், கீழைமொழிகள் வாத்தியார், 1694இல் பிறந்து 1768இல் இறந்தவர். ஊர் அறிய அவர் பக்திமான். மிருகங்களின் இயல்புணர்ச்சியைப் பற்றிப் புத்தகம் எழுதி, இதையெல்லாம் படைத்தவன் எவ்வளவு அறிவாளி பாருங்கள் என்று காட்டியவர். அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் பல வருஷம் ரகசியமாக ஒரு பெரிய கையெழுத்துப் பிரதி எழுதிக்கொண்டிருந்தார். இத்தனை லட்சம் பேர் பத்துப் பத்துப் பேராக வரிசை கட்டி, ஆடு மாடு வண்டிகளோடு நடந்தால் ஒரு ராத்திரியில் நடக்கிற காரியமா என்று அதில் கணக்குப் போட்டார். உயிர்த்தெழுதலைப் பற்றி நான்கு சுவிசேஷங்களும் சொல்வதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சாட்சிகள் ஒத்துப்போகவில்லை என்றார். உயிரோடு இருந்தவரை வெளியிடவில்லை. அவர் பயந்தது நியாயம்தான். என்னை மரத்தடியோடு விட்டார்கள்.

அவர் இறந்தபின் பிள்ளைகள் மூலமாக அது லெஸ்ஸிங் கைக்கு வந்தது. லெஸ்ஸிங் அப்போது வுல்ஃபென்ப்யூட்டலில் பிரபுவின் நூலகர். நூலகத்தில் கிடைத்த பழைய சுவடி, யார் எழுதியது என்று தெரியவில்லை என்ற பாவனையில் 1774 முதல் 1778 வரை துண்டு துண்டாக அச்சிட்டார். ஹாம்பர்க் தலைமைப் போதகர் கோட்ஸே கொதித்தெழுந்தார். 1778இல் பிரபு லெஸ்ஸிங்குக்கு வாய்ப்பூட்டு போட்டார். ரைமாருஸின் முழுப் பிரதி அச்சானது 1972இல்தான்.

அன்று வகுப்பிலிருந்து வீட்டுக்கு வந்து அழுதபோது தாத்தா சொன்னது: "கணக்கு வாத்தியார்கிட்ட கேக்கவேண்டியத ஐயர்கிட்ட ஏன் கேட்ட?"

ஜூலை 10

'அப்படியானால் லெஸ்ஸிங் நாத்திகர், வெளி ஆள்தானே' என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ரைமாருஸ் சொன்னதை அச்சிட்டாரே தவிர, அதோடு உடன்படாமல் தன் எதிர்க்குறிப்பையும் சேர்த்தே போட்டார். எழுத்தில் பிழை இருந்தால் மதமே பிழை என்று ஆகிவிடாது என்பது அவர் கட்சி. வேதாகமம் வருமுன்பே மதம் இருந்ததே என்பார். அப்புறம் 1777இல் அந்தப் புகழ்பெற்ற பள்ளம்: என்றோ எங்கோ நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சியிலிருந்து என்றென்றைக்குமான ஓர் உண்மைக்கு எப்படித் தாவுவது? நடுவில் அசிங்கமான, அகலமான பள்ளம் கிடக்கிறது, எத்தனையோ முறை முயன்றும் என்னால் தாண்ட முடியவில்லை, யாராவது கைகொடுத்தால் புண்ணியம் என்று எழுதுகிறார். தாண்ட ஆசையில்லாதவன் கைகொடுக்கச் சொல்லிக் கேட்பானா?

தாத்தாவின் கணக்கு வாத்தியாரும் இந்தப் பள்ளத்தின் கரையில்தான் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றும். சரித்திரம் ஒரு கரை, விசுவாசம் ஒரு கரை.

ஜூலை 14

தரங்கம்பாடிக்கும் இந்தக் கதைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவருக்கு. சுற்றி வளைத்ததல்ல, நேர்த் தொடர்பே இருக்கிறது. அதன் பெயர் ஹாலே, ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக ஊர்.

சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். ஊழியத்தை அனுப்பியது டென்மார்க் அரசர், அதன் மூளை ஹாலேயில் ஃபிராங்கே என்ற போதகர். அவர் கூட்டத்துக்குப் பியட்டிஸ்டுகள் என்று பெயர். வேதத்தைத் தினம் படி, மனம் திரும்பு, அநாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள், இதுதான் அவர்கள் மதம். நல்லவர்கள்தான். ஆனால் அதே ஹாலே பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் வொல்ஃப் என்ற தத்துவப் பேராசிரியர் 1721இல் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். சீனர்கள் கிறிஸ்துவைக் கேள்விப்படாமலே கன்ஃபூசியஸைக் கொண்டு ஒழுக்கமாக வாழ்ந்திருக்கிறார்கள், ஆக ஒழுக்கத்துக்கு அறிவு போதும் என்பது சாரம். பியட்டிஸ்டுகள் விடவில்லை. இந்த ஆள் சொல்வதைக் கேட்டால் ஓடிப்போன சிப்பாயைக்கூடத் தண்டிக்க முடியாது, எல்லாம் முன்பே நிர்ணயமானது என்பான் என்று ராஜாவின் காதில் விழும்படி செய்தார்கள். சிப்பாய் என்றதும் பிரஷ்ய ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. 1723 நவம்பரில் உத்தரவு: 48 மணி நேரத்தில் நாட்டை விட்டு வெளியேறு, இல்லாவிட்டால் தூக்கு. வொல்ஃப் மூட்டை கட்டினார்.

இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது சீகன்பால்க்தான். அவர் இங்கே நம் ஆட்களிடம் கேட்டுக் கேட்டு, தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியைப் பற்றி 1713இல் ஒரு நூலே எழுதி முடித்து ஹாலேக்கு அனுப்பினார். அச்சேறவில்லை. அஞ்ஞானத்தை வேரறுக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது ஃபிராங்கேயின் பதிலாகச் சொல்லப்படுகிறது. கடைசியில் அது அச்சானது 1867இல், சென்னையில். சீனன் ஒழுக்கமானவன் என்றாலும் ஆபத்து, தமிழனுக்கு இவ்வளவு தெய்வ ஞானம் இருக்கிறது என்றாலும் ஆபத்து. இரண்டு கதவையும் சாத்தியது ஒரே வீடு.

ஆனால் பாருங்கள், 1740இல் புது ராஜா வந்ததும் வொல்ஃப் ஊர்வலமாகத் திரும்பி வந்தார். 1753இல் அதே ஹாலேயில் வேதசாஸ்திரப் பேராசிரியராக வந்தவர் ஸெம்லர். வேதாகமமும் தேவனுடைய வார்த்தையும் ஒன்றல்ல, முதலாவதற்குள் இரண்டாவதைத் தேடவேண்டும் என்றார். முப்பது வருஷத்தில் வீடு தலைகீழ். வெளியிலிருந்து யாரும் வந்து புரட்டவில்லை.

ஜூலை 15

நண்பர் ஒருவர் அழைத்து, 'அறிவொளி இயக்கமா? அதில் நானும் ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தேனே' என்றார். அது 90களில் நடந்த எழுத்தறிவு இயக்கம் அண்ணே, இது வேறே என்றேன். என்ன வேறே என்று திருப்பிக் கேட்டார். உடனே சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 21

மீன்.

எங்கள் கடற்கரையில் கத்தாளை என்று ஒரு மீன். பெரிய மதிப்புள்ள மீன் இல்லை, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தால் நன்றாக இருக்கும். மீன் அறிவியலில் அந்த இனத்துக்கு ஜோனியஸ் என்று பெயர். 1793இல் பெர்லின் மருத்துவர் ப்ளோக் வைத்தது. ஜோனியஸ் என்பது ஜான் ஐயரை வைத்து. கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், 1771 முதல் 1813இல் சாகும்வரை தரங்கம்பாடியில் ஊழியம் பார்த்தவர். இங்கிருந்து ப்ளோக்குக்கு மீன் மீனாக அனுப்பிவைத்தார். அந்த இனத்தில் ஒன்றின் முழுப்பெயர் ஜோனியஸ் கருட்டா. பின்பாதி வேறொன்றுமில்லை, நம் 'கருத்த' கத்தாளைதான். செம்படவர் சொன்ன பெயர் பெர்லின்வரை போய் லத்தீன் சட்டை போட்டுக்கொண்டுவிட்டது.

இது ஏன் மத விஷயம்? சீகன்பால்க் காலத்து ஊழியர் மீனைப் பார்த்தால் வெள்ளிக்கிழமைச் சந்தையைத்தான் நினைத்திருப்பார். எழுபது எண்பது வருஷத்தில் ஜானும் உடன் ஊழியர் ராட்லரும் மீனும் செடியும் கிளிஞ்சலும் சேகரிக்கிறார்கள், ஜான் பள்ளிக்கூடங்கள் பற்றித் திட்டம் எழுதுகிறார். கர்த்தர் எழுதியது இரண்டு புத்தகம், ஒன்று வேதம், மற்றொன்று இயற்கை என்ற எண்ணம் அந்த நூற்றாண்டில் போதகர் வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. ரைமாருஸ் மிருகங்களைப் பார்த்ததும் இதே கண்ணால். முதல் புத்தகத்தில் சந்தேகம் வந்தவர்களுக்கு இரண்டாவது ஆறுதல். சந்தேகம் வராதவர்களுக்கும் அது சந்தோஷம்.

இன்னொரு முடிச்சு. ப்ளோக் யூதர். 1771இல் மோசஸ் மெண்டல்சோன் நரம்புக் கோளாறில் படுத்தபோது வைத்தியம் பார்த்தவர் அவர்தான். அந்த நோய்க்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்த சண்டையையும் சொல்லவேண்டும். 1769இல் லாவாட்டர் என்ற ஸூரிச் போதகர் கிறிஸ்தவத்துக்கு ஆதாரம் காட்டும் ஒரு புத்தகத்தை மொழிபெயர்த்து மெண்டல்சோனுக்கே சமர்ப்பணம் செய்தார். முன்னுரையில் பகிரங்கச் சவால்: ஒன்று இதை மறுத்துக் காட்டு, இல்லை, ஞானஸ்நானம் எடு. மெண்டல்சோன் பதினான்கு வயதில் தெஸ்ஸாவிலிருந்து பெர்லினுக்கு நடந்தே வந்த ஏழைப் பையன். பெர்லினில் குடியிருக்கவே யூதனுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அந்த நிலையில் கிறிஸ்தவத்தை மறுத்து எப்படி எழுதுவார்? மரியாதையாக, அழுத்தமாக, என் மதம் ஆள் சேர்ப்பதில்லை, எல்லா ஜனங்களிலும் நீதிமான்கள் உண்டு, கன்ஃபூசியஸைப் போல ஒருவர் என் காலத்தில் இருந்தால் அவரை மதம் மாற்ற எனக்குத் தோன்றாது என்று பதில் எழுதினார்.

மறுபடி கன்ஃபூசியஸ். வொல்ஃபைத் துரத்திய அதே ஆள்.

ஜூலை 22

'ஊழியத்துக்கு வந்தவர் மீன் பிடிக்கப் போனார், இதுதான் வீழ்ச்சி, என் கட்சியைத்தானே சொல்கிறீர்கள்?' நியாயமான அடி. ஹாலேயிலிருந்து தரங்கம்பாடிக்கு ஆள் வருவது 18ஆம் நூற்றாண்டின் முடிவில் குறைந்துபோனது உண்மை. அறிவொளி தலைக்கேறிய மாணவனுக்கு நாகப்பட்டினம் கடற்கரையில் வந்து ஞானோபதேசம் சொல்லித்தர ஆசை குறைந்திருக்கும். இதை மழுப்ப விரும்பவில்லை. ஆனாலும் ஜான் கடைசிவரை ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்துகொண்டுதான் இருந்தார். மீன் ஜெபத்தைக் கெடுத்தது என்று சொல்ல ஆதாரம் வேண்டாமா?

ஆகஸ்ட் 3

வாயை மூடு என்று பிரபு சொன்னதும் லெஸ்ஸிங் என்ன செய்தார்? நாடகம் எழுதினார். 'ஞானி நாத்தான்', 1779. அதில் மூன்று மோதிரக் கதை. அப்பன் தன் மூன்று பிள்ளைக்கும் ஒரே மாதிரி மூன்று மோதிரம் கொடுத்துவிட்டுச் சாகிறான். எது அசல் என்று அடித்துக்கொண்டு நியாயாதிபதியிடம் போகிறார்கள். யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம். நாத்தான் என்ற யூத வியாபாரிக்கு மாதிரி மெண்டல்சோன் என்பார்கள். இருவரும் உயிர் நண்பர்கள், பழக்கம் சதுரங்கத்தில் தொடங்கியது.

'எல்லா மதமும் நல்லதைத்தான் சொல்லுது' என்று நாம் பஸ்ஸில் பேசுவது லெஸ்ஸிங்கிடமிருந்து வந்தது என்று எழுத ஆரம்பித்து, அடித்துவிட்டேன். அபத்தம். 'ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்' என்று திருமூலர் சொல்லி எத்தனை நூற்றாண்டு ஆயிற்று. மோதிரக் கதையும் லெஸ்ஸிங்கின் சொந்தச் சரக்கு இல்லை, 14ஆம் நூற்றாண்டில் பொக்காச்சியோ சொன்ன கதை.

லெஸ்ஸிங் சேர்த்தது நியாயாதிபதியின் தீர்ப்பை. அசல் மோதிரம் போட்டவனைக் கடவுளும் மனிதரும் நேசிப்பார்கள் என்பது கதை. நீங்களோ அடித்துக்கொள்கிறீர்கள், மூன்றுமே போலியாக இருக்கும், அசல் தொலைந்திருக்கும். அவனவன் தன்னுடையதே அசல் என்று நம்பி அதற்கேற்ற மாதிரி வாழ்ந்து காட்டு. ஆயிரமாயிரம் வருஷம் கழித்து என்னைவிட அறிவாளி இந்த நாற்காலியில் உட்காருவான், அப்போது வா. ஆதாரம் பழைய ஏட்டில் இல்லை, இனி நடக்கப்போகும் வாழ்க்கையில் இருக்கிறது. பள்ளத்தைத் தாண்ட முடியாதவன் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போகிறான்.

ஆகஸ்ட் 11

இதை எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நான் சென்னையில் இருந்தேன். ஊருக்குப் போனது நான்கு நாள் கழித்து. அது பற்றி இங்கே வேண்டாம். ஜனவரியில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்து கூட்டம் போட்டு, இது பாவத்துக்கு வந்த தண்டனை என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். சண்டை போடவில்லை, பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள். காலைப் பூசை நேரத்தில் லிஸ்பன் குலுங்கியது, பின்னாலேயே கடல் ஏறியது, அப்புறம் தீ. வால்டேர் கவிதை எழுதினார்: தாயின் மார்பில் நசுங்கிய பிள்ளைகள் செய்த குற்றம் என்ன? எல்லாம் நன்மைக்கே என்ற தத்துவத்தை அவர் கேலி செய்யத் தொடங்கியது அங்கேதான். மலக்ரிதா என்ற இயேசுசபைக் குரு, பூமியதிர்ச்சிக்குக் காரணம் இயற்கை என்று சொல்லித் திரியாதீர்கள், உங்கள் பாவம் என்று துண்டுப்பிரசுரம் போட்டார். மந்திரி பொம்பால் அவரை ஊரைவிட்டு அனுப்பினார். 1761இல் மத விசாரணை மன்றத்தைக் கொண்டே கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள். அறிவொளி மந்திரி! வால்டேரே அந்தக் கொலையை ஏசினார்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. எவ்வளவு நேரம் அதிர்ந்தது, எத்தனை பேர் செத்தார்கள், கடல் முதலில் ஏறியதா வடிந்ததா என்று கேள்வித்தாள் ஒன்று போர்ச்சுகலின் ஒவ்வொரு பங்குக்கும் போனது. பதில் எழுதியவர்கள் பங்குச் சாமியார்கள். ஏன் என்று பிரசங்கம் செய்தவர்களே எப்படி என்று எழுதிக்கொடுத்தார்கள்.

ரூசோவோ வால்டேருக்கு எழுதிய கடிதத்தில், ஆறேழு மாடி வீடு இருபதாயிரத்தை அங்கே நெருக்கி அடுக்கியது இயற்கை இல்லையே என்றார். முதல்முறை படித்தபோது ஆகா என்றிருந்தது. இப்போது அவ்வளவு இல்லை. வலை வைத்திருப்பவன் கடற்கரையில் இல்லாமல் எங்கே குடியிருப்பான்? 'பாவம்' என்பதும் 'ஏன் அங்கே வீடு கட்டினாய்' என்பதும் செத்தவன் மேலேயே பழியைப் போடுகின்றன.

கான்ட்டுக்கு அப்போது 31 வயது. பூமியதிர்ச்சி பற்றி மூன்று கட்டுரை எழுதினார். பூமிக்கு அடியில் குகைகள், அவற்றில் நெருப்பு என்று அவர் சொன்ன காரணம் தவறு. இதைத் தண்டனை என்று சொல்ல உனக்கு யார் தேவரகசியம் சொன்னது என்று கேட்டது தவறில்லை.

பாயைச் சுருட்டியவர்கள் யாரும் கான்ட் படித்தவர்கள் இல்லை. 'உனக்குக் கண்ணில்லையா சாமி' என்று நம் ஒப்பாரி எந்த அறிவொளியும் வராமலே கேட்டிருக்கிறது. யோபுவும் கேட்டான். ஆகவே இதை ஐரோப்பாவின் சொத்து என்று நான் சொல்லவரவில்லை.

ஆகஸ்ட் 18

கொஞ்சம் சிரிக்கலாம்.

கான்ட் 1793இல் மதத்தைப் பற்றிப் புத்தகம் போட்டார். நல்லொழுக்கம் தவிர மனிதன் கடவுளைச் சந்தோஷப்படுத்தச் செய்யும் மற்றதெல்லாம் போலி ஆராதனை என்கிற அளவுக்குப் போனார். புது ராஜா இரண்டாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்முக்குக் கோபம். 1794 அக்டோபரில் மிரட்டல் கடிதம் வந்தது. எழுபது வயதுக் கான்ட் பணிந்து பதில் எழுதினார்: 'மாட்சிமை தங்கிய தங்களின் மிக விசுவாசமுள்ள பிரஜையாக' இனி மதத்தைப் பற்றி எழுதமாட்டேன். 1797இல் ராஜா செத்தார். 1798இல் கான்ட் அடுத்த புத்தகத்தோடு வந்துவிட்டார். நான் அந்த ராஜாவின் பிரஜையாகத்தானே வாக்குக் கொடுத்தேன், அவர் இருக்கும்வரைதான் கட்டும், அந்தச் சொல்லை யோசித்துத்தான் போட்டேன் என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். பொய் சொல்லவே கூடாது என்று உலகத்துக்குப் பாடம் எடுத்த மனிதர்.

பல்கலைக்கழகத் தலைவராக இருந்தபோது ஊர்வலத்தில் கோயில் வாசல்வரை நடந்து வந்து, எல்லோரும் உள்ளே போக, இவர் மட்டும் நைசாக விலகி வீட்டுக்குப் போய்விடுவாராம். பின்னால் கவிஞர் ஹைனே ஒரு கிண்டல் செய்தார்: கான்ட் ஒரு புத்தகத்தில் கடவுளைக் கொன்றுவிட்டார், திரும்பிப் பார்த்தால் வேலைக்காரக் கிழவன் லாம்பே கண்ணீரோடு நிற்கிறான், பாவம் லாம்பேக்கு ஒரு கடவுள் வேண்டுமே என்று அடுத்த புத்தகத்தில் உயிர்ப்பித்துவிட்டார்.

நல்ல கிண்டல்தான், ஆனால் லாம்பேயைக் கேட்டுப் பார்த்தார்களா?

ஆகஸ்ட் 25

கேள்வி கேட்டவருக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன்.

மதத்தின் சாரம் நல்லொழுக்கம் என்று ஆனபின், நல்லவனாக இருக்கத் தெரிந்தவன் ஞாயிற்றுக்கிழமை எதற்காகக் குளித்துக் கிளம்பவேண்டும்? கான்ட்டால் இதற்குச் சரியான பதில் சொல்ல முடியவில்லை. அவரே வாசலோடு திரும்பியவர். ஷ்லயர்மாகர் என்ற ஜெர்மன் வேதசாஸ்திரிக்கு இது உறைத்தது. மொராவிய சகோதரர்கள் என்ற பக்திச் சபையாரிடம் வளர்ந்து, சந்தேகம் வந்து, அப்பாவிடம் கடிதத்தில் அழுது, ஹாலேக்குப் படிக்கப் போனவர். மறுபடி ஹாலே! 1799இல், மதத்தை இளக்காரமாகப் பார்க்கும் படிப்பாளிகளுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். மதம் என்பது அறிவும் இல்லை, ஒழுக்கமும் இல்லை, எல்லையற்றதை உள்ளே உணர்வது என்றார். பின்னால், நான் மறுபடி மொராவியன் ஆகிவிட்டேன், கொஞ்சம் மேல்தரத்து மொராவியன் என்று எழுதினார். அந்த மொராவியர்கள் 1760 முதல் நாற்பது வருஷத்துக்கு மேல் தரங்கம்பாடியிலும் தோட்டம் போட்டு இருந்தார்கள் என்பது உபரித் தகவல்.

ஆனால் உள்ளே உணர்வதுதான் மதம் என்றால் அதை வீட்டிலேயே உணரலாமே? ஆக, கோயில் காலியானதில் இவர்களுக்குப் பங்கு இல்லை என்று நான் சாதிக்கமாட்டேன். கல்லெறிந்து காலியாக்கவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கு, எழுந்து போனாலும் கடவுள் கூடவே வருவார் என்று நல்லெண்ணத்தோடு சொல்லிக்கொடுத்தார்கள்.

செப்டம்பர் 1

ஒரு திருத்தம். ஜூலை 9 குறிப்பைப் பெரியம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். எண்பத்திரண்டு வயது, இன்றும் முதல் பெஞ்சு. "கணக்கு வாத்தியார் பேச்சு உன் தாத்தா பேசினது இல்லடா, அது உன் பாட்டி. தாத்தா உன்னைத் திட்டினாரு" என்றார். திண்ணைத் தாத்தாவைப் பற்றி எழுதியதையெல்லாம் இனி எப்படி நம்புவது என்று தெரியவில்லை. ஒரே வீட்டில் நாற்பது வருஷத்துக்கு முன் நடந்ததற்கே சாட்சிகள் ஒத்துப்போகவில்லை.

அதோடு விடவில்லை. அந்த ஹாம்பர்க்காரன் கணக்கு என்ன, மறுபடி சொல்லு என்றார். முப்பது லட்சம் பேர், பத்துப் பேர் ஒரு வரிசை என்றேன்.

"ஏன் பத்து? கர்த்தர் கடலைப் பிளந்தாருன்னா சந்து மாதிரியா பிளந்திருப்பாரு? ஆயிரம் பேர் வரிசையா போயிருப்பாங்க. நீ போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். ஆயிரம் பேர் வரிசை என்றால் மூவாயிரம் வரிசை. வரிசைக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால் மூன்று கிலோமீட்டர். ராத்திரி தாராளமாகப் போதும். ஆடு மாட்டை மறந்துவிட்டோம் என்று திரும்ப அழைத்துச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.